டீக்கடை ஃபிரான்சைஸ் வழக்கில் இன்னும் யார் யாரைப் பிரதிவாதியாகச் சேர்க்கலாம்?

பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்து நஷ்டப்பட்ட ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் சொன்ன விவரம்: 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம். ஃபிரான்சைஸ் கட்டணம் 14 லட்சம், கடை உள் வேலைக்கு இன்னொரு 9 லட்சம். மாதம் ஒரு லட்சம் கையில் நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. 2023 ஜூனிலிருந்து சரக்கு ஒழுங்காக வரவில்லை, 2024 ஜனவரியில் கடையை மூடிவிட்டார். 2025 மார்ச்சில் கம்பெனி மீது மட்டும் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கம்பெனி இப்போது எதிருரையில் (வழக்குக்கு அது தந்த பதிலில்), "பணத்தில் பாதியை வாங்கியது கர்நாடக மாஸ்டர் ஃபிரான்சைஸி, பிராண்டும் எங்கள் பெயரில் இல்லை" என்று கை கழுவுகிறது. (மாஸ்டர் ஃபிரான்சைஸி என்றால், ஒரு பகுதி முழுவதற்கும் கிளைகள் கொடுக்கும் உரிமையைக் கம்பெனியிடம் வாங்கியவர்.) அதற்குள் கம்பெனியின் இயக்குநர் ஒருவர் வேறு பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி அதே மெனுவை விற்கிறார். இரண்டு இயக்குநர்கள், மாஸ்டர் ஃபிரான்சைஸி, இடையில் நின்று பேசிய தரகர், புதுக் கம்பெனி என எல்லோரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க முடியுமா, வக்கீல் ஏன் பொறுக்கச் சொல்கிறார் என்று கேட்கிறார்.

"சேர்க்க முடியுமா" என்று கேட்டாலும், "கம்பெனியிடம் காசு இல்லையென்றால் என் 23 லட்சத்தை யாரிடம் வாங்குவது" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. இரண்டும் வேறு வேறு. ஒருவரை வழக்கில் சேர்க்க நீதிமன்றம் அனுமதிப்பதும், அவர் பணம் தரவேண்டும் என்று கடைசியில் தீர்ப்பு வருவதும் ஒன்றல்ல. சேர்த்துவிட்டால் மாட்டிக்கொண்டார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சேர்ப்பது எளிது. சேர்த்தவர் மீது எதை நிரூபிக்கப் போகிறோம் என்பதில்தான் கஷ்டம்.

நான் பெங்களூரு சிட்டி சிவில் நீதிமன்றத்தில் பல வருடங்களாக வணிக வழக்குகள் நடத்துகிறவன். உங்கள் ஒப்பந்தத்தையும் எதிருரையையும் நான் பார்க்கவில்லை. அவற்றில் இருக்கும் ஒரு வரி கீழே நான் சொல்வதில் பாதியை மாற்றிவிடலாம் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் உறுதியானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 10(2) வழக்கின் எந்தக் கட்டத்திலும் ஒருவரைத் தரப்பினராகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அவர் இல்லாமல் தீர்ப்பே தர முடியாது என்றால் அவர் அவசியத் தரப்பினர். தீர்ப்புத் தரலாம், ஆனால் அவர் இருந்தால் தகராறு முழுதாகத் தீரும் என்றால் உரிய தரப்பினர். 2005-ல் கஸ்தூரி எதிர் ஐயம்பெருமாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசியத் தரப்பினரா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும் என்றது: வழக்கில் உள்ள தகராறு தொடர்பாக அவருக்கு எதிராக ஏதாவது நிவாரணம் கேட்க உரிமை இருக்கிறதா, அவர் இல்லாமல் செல்லுபடியாகும் தீர்ப்பாணை தர முடியாதா? 2010-ல் மும்பை சர்வதேச விமான நிலைய வழக்கில், உரிய தரப்பினரைச் சேர்ப்பது நீதிபதியின் விருப்புரிமை, யாரும் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று விளக்கியது. உங்களுக்குச் சாதகமான விஷயம், கேட்கிறவர் வாதி. யார் மீது வழக்குப் போடுவது என்பதை முடிவு செய்பவர் வாதிதான் என்பது பழைய கொள்கை. வாதியே ஒருவரைச் சேர்க்கக் கேட்டால், சாட்சி விசாரணை தொடங்கும் முன் கேட்டால், பொருத்தமான காரணமும் இருந்தால், பெரும்பாலும் அனுமதி கிடைக்கும்.

இணையத்தில் ஒரு கட்டுரையில் "ஃபிரான்சைஸ் சட்டப்படி இயக்குநர்களும் தனிப்பட்ட முறையில் பொறுப்பு" என்று படித்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது அனேகமாக அமெரிக்கக் கட்டுரையாக இருக்கும். கலிஃபோர்னியாவின் ஃபிரான்சைஸ் முதலீட்டுச் சட்டத்தில் பிரிவு 31302 என்று ஒன்று உண்டு. சட்டத்தை மீறி ஃபிரான்சைஸ் விற்ற கம்பெனியைக் கட்டுப்படுத்துகிறவர்கள், முக்கிய அலுவலர்கள், இயக்குநர்கள் எல்லோரும் சேர்ந்து பொறுப்பு என்று அது நேரடியாகவே சொல்கிறது. அங்கே ஃபிரான்சைஸ் விற்பதற்கு 14 நாட்கள் முன்னதாக விவர ஆவணம் கொடுக்க வேண்டும் என்று மத்திய விதியும் இருக்கிறது. இந்தியாவில் அப்படித் தனி ஃபிரான்சைஸ் சட்டம் கிடையாது. வணிக நீதிமன்றச் சட்டம் 2015, வணிகத் தகராறுகளின் பட்டியலில் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம், கூட்டாண்மைச் சட்டம் இவற்றில்தான் தேட வேண்டும். ஆகவே அந்தக் கட்டுரையை அச்செடுத்து வக்கீலிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது ஆள் ஆளாகப் பார்ப்போம். மாஸ்டர் ஃபிரான்சைஸியைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏழு லட்சம் அவர்கள் கணக்குக்குப் போனதற்கு வங்கி விவரம் இருக்கிறது என்கிறீர்கள். கம்பெனியே எதிருரையில் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது. மனுவின் முதல் பத்தியில் எதிருரையின் அந்த வரியை எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரே கொடுக்கல் வாங்கலிலிருந்து எழும் உரிமை, இருவருக்கும் பொதுவான கேள்வி என்றால் அதே கட்டளை 1-ன் விதி 3-ன்படி இருவரையும் ஒரே வழக்கில் வைக்கலாம். இருவரில் யார் பொறுப்பு என்று வாதிக்கே தெரியவில்லை என்றால் விதி 7 இருவரையும் நிறுத்தி, யார் எவ்வளவு என்று நீதிமன்றத்தையே முடிவு செய்யச் சொல்ல இடம் தருகிறது. கம்பெனி இவரைக் காட்ட, இவர் கம்பெனியைக் காட்ட, நடுவில் நீங்கள் நிற்பதற்குப் பதில் இருவரும் ஒரே கூண்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லட்டும். மாஸ்டர் ஃபிரான்சைஸி கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் கட்டளை 30-ன்படி நிறுவனத்தின் பெயரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று கூட்டாண்மைச் சட்டத்தின் பிரிவு 25 சொல்கிறது. பிரைவேட் லிமிடெட்டை விட இது வசூலுக்கு எவ்வளவோ மேல். எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) என்றால் இந்த வசதி இல்லை. அங்கே கூட்டாளி தன் சொந்தத் தவறுக்குத்தான் பொறுப்பு. கம்பெனியா, எல்.எல்.பி.யா என்று எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) இணையதளத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற பிரிவு) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தும் கம்பெனி அதைப் பற்றிப் பேசாமல் எதிருரை போட்டிருந்தால், அது அந்த உரிமையை விட்டுவிட்டது என்று நீங்கள் வாதிடலாம். 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பிரிவு 8-ன்படி, தகராறு பற்றிய முதல் அறிக்கையைத் தாக்கல் செய்யும் தேதிக்குள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் புதிதாக வரும் மாஸ்டர் ஃபிரான்சைஸி இன்னும் எந்த அறிக்கையும் போடவில்லையே! அவர் வந்த முதல் நாளே "எனக்கு ஆர்பிட்ரேஷன் வேண்டும்" என்று நிற்கலாம். அப்போது வழக்கை இரண்டாகப் பிளக்கலாமா என்ற கேள்வி வரும். 2003-ல் சுகன்யா ஹோல்டிங்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. 2015 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 8-ன் வாசகம் விரிந்திருக்கிறது. உங்கள் நிலையில் இது எப்படி முடியும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வக்கீலை நான் நம்பமாட்டேன். உங்கள் வக்கீல் பொறுக்கச் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வழக்கில் பிரேக் போடக் கூடிய ஆளை நாமே ஏற்றிக்கொள்கிறோமே என்று அவர் யோசித்திருப்பார். ஆர்பிட்ரேஷனுக்கே போனாலும் உலகம் அழிந்துவிடாது. கையெழுத்துப் போடாதவர்களையும் உண்மையான தரப்பினராக நடந்துகொண்டிருந்தால் கட்டுப்படுத்தலாம் என்று 2023 டிசம்பரில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நடுவர் மன்றமே அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கலாம் என்று 2025 மே மாதம் ஏ.எஸ்.எஃப். பில்ட்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது. மேடை மாறும், செலவு கூடும், ஆட்களைச் சேர்க்கும் வழி மூடிவிடாது.

இயக்குநர்கள் விஷயத்தில்தான் கேள்வி கேட்பவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். கம்பெனி வேறு, இயக்குநர் வேறு. கம்பெனி செய்த ஒப்பந்தத்தை கம்பெனி மீறினால், "அவர்தானே எல்லாவற்றையும் நடத்தினார்" என்பது மட்டும் அவரைப் பொறுப்பாக்காது. அப்படிச் சேர்க்கப்பட்ட இயக்குநர்களை முதல் கட்டத்திலேயே நீக்கிய உத்தரவுகள் ஏராளம். இயக்குநரை நிறுத்தி வைக்க மூன்று வழிகள் எனக்குத் தெரியும். அவர் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். அல்லது பொய் என்று தெரிந்தே அவர் வாயால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவதை எடுப்பதாக இருந்தால் கட்டளை 6, விதி 4 கண்டிப்பானது: யார், எந்தத் தேதியில், எங்கே, என்ன சொன்னார், அது ஏன் பொய் என்று வழக்குரையில் விவரமாக எழுதியாக வேண்டும். "பிரதிவாதிகள் கூட்டுச் சதி செய்து ஏமாற்றினார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு இயக்குநர்களின் பெயரை வரிசையாகப் போடும் வழக்கம் நம் நீதிமன்ற வளாகத்தில் ரொம்பச் சாதாரணம். அது கேஸைப் பலவீனமாகத்தான் ஆக்குகிறது. உங்களைக் கோரமங்களா ஓட்டலில் சந்தித்து, வேறு கிளைகளின் வரவு செலவுக் கணக்கு என்று ஒரு தாளைக் காட்டிய இயக்குநர் ஒருவர் இருக்கிறார். அந்தத் தாள் உங்களிடம் இருந்து, அது பொய்க் கணக்கு என்று காட்ட முடிந்தால், அவரைச் சேருங்கள். மற்றவரை நீங்கள் பார்த்ததே இல்லை, ஆவணத்தில் கையெழுத்தும் இல்லை என்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள்.

பிராண்ட் கம்பெனியின் பெயரில் இல்லை என்று எதிருரை சொல்கிறதே, அதற்காகப் பதற வேண்டாம். சின்ன பிராண்டுகளில் டிரேட்மார்க்கைத் தொடங்கியவர் தன் பெயரிலோ மனைவி பெயரிலோ பதிவு செய்து வைத்திருப்பது வழக்கம்தான். டிரேட்மார்க் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெயருக்குச் சொந்தக்காரர் என்பதற்காகவே உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு வந்துவிடாது. நீங்கள் கேட்பது பணம் மட்டும்தான் என்றால் அவர் அவசியத் தரப்பினர் இல்லை. அதே நேரம், தனக்கு உரிமை இல்லாத பிராண்டைத் தனது என்று சொல்லி கம்பெனி விற்றது என்றால் அதுவே ஒரு பொய்யுரை. கம்பெனியின் இந்தத் தற்காப்பு அதன் காலையே வாரலாம். அதை வழக்குரைத் திருத்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தரகரைச் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் எனக்கு எதிராகப் பேசும் வக்கீல்களும் இருப்பார்கள். அவர் கமிஷன் வாங்கியிருக்கிறார், நம்ம ஊர்க்காரர் என்று சொல்லி நம்ப வைத்திருக்கிறார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 17-ன்படி தரப்பினரின் முகவர் செய்த மோசடியும் அந்தத் தரப்பினர் செய்த மோசடிதான். அவர் கம்பெனிக்காகப் பேசினார் என்று காட்டிவிட்டால் அவர் சொன்ன பொய் கம்பெனியின் தலையில் விழும். அவரைப் பிரதிவாதியாக்கினால் அவர் கம்பெனியோடு சேர்ந்து நிற்பார். வெளியே விட்டால், சாட்சியாக அழைக்க ஒரு வழி இருக்கும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் தமிழில் இருக்கும், இல்லையா? இந்த நீதிமன்றத்தில் அவற்றை எழுத்தாக்கி மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும். 2023 சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள், விற்றுவிடாதீர்கள். வணிக நீதிமன்றத்தில் ஆவணங்களை வழக்குரையோடே கொடுத்துவிட வேண்டும் என்பதால், முன்பு கொடுக்காத பதிவுகளை இப்போது கொடுக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வழக்குரையைத் திருத்தும் நேரம்தான் அதற்கும் நல்ல சந்தர்ப்பம்.

புதுக் கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஒரு தேதி வேண்டும்: பழைய கம்பெனியின் வியாபாரம் புதுக் கம்பெனிக்கு எப்போது போனது? 2025 மார்ச்சுக்குப் பிறகு, அதாவது வழக்கு நடக்கும்போது கை மாறியிருந்தால் கட்டளை 22, விதி 10 உதவும். தகராறில் உள்ள உரிமை வழக்கின் நடுவில் இன்னொருவருக்குப் போனால், நீதிமன்ற அனுமதியோடு அவருக்கு எதிராக வழக்கைத் தொடரலாம் என்பது அந்த விதி. வழக்குக்கு முன்பே நடந்திருந்தால் பழையபடி கட்டளை 1, விதி 10 தான். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பது காலக்கெடு பற்றிச் சொல்லும்போது தெரியும். அதே ஆள், அதே மெனு, அதே ஊழியர்கள் என்பதால் மட்டும் புதுக் கம்பெனி பழைய கடனுக்குப் பொறுப்பாகாது. வியாபாரத்தைச் சொத்தோடும் பொறுப்போடும் எடுத்துக்கொண்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும், அல்லது கடன்காரர்களை ஏமாற்றவே புதுக் கம்பெனி என்று காட்ட வேண்டும். டெல்லி வளர்ச்சி ஆணையம் எதிர் ஸ்கிப்பர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி என்ற திரையை விலக்கிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தது உண்மை. ஆனால் அங்கே நடந்த மோசடியின் அளவு வேறு. அந்தத் தீர்ப்பை எல்லா மனுவிலும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதன்படி உத்தரவு வாங்குகிறவர்கள் குறைவு. சந்தேகம் வலுவாக இருந்தால் பழைய கம்பெனி எம்.சி.ஏ.வில் தாக்கல் செய்த கடைசி இரண்டு வருட நிதி அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். இயந்திரங்கள், முன்பணம், பாக்கி வரவுகள் எங்கே போயின என்பதற்குச் சுவடு இருக்கும்.

இனி காலக்கெடு. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, எனக்கோ அதுதான் முதலில் தோன்றியது. காலவரம்புச் சட்டம் 1963-ன் பிரிவு 21-ன்படி, புதிதாகச் சேர்க்கப்படும் பிரதிவாதியைப் பொறுத்தவரை, அவர் சேர்க்கப்பட்ட நாளில்தான் வழக்குத் தொடங்கியதாக அர்த்தம். கம்பெனி மீது நீங்கள் 2025 மார்ச்சிலேயே வந்துவிட்டீர்கள் என்பது மாஸ்டர் ஃபிரான்சைஸிக்கு எதிராக உதவாது. அவரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வழக்கே போடவில்லை. ஒப்பந்த மீறலுக்கு மூன்று வருடம். நீங்கள் கடை மூடிய 2024 ஜனவரியிலிருந்து எண்ணுவீர்கள், அவர்கள் சரக்கு நின்ற 2023 ஜூனிலிருந்து எண்ணுவார்கள். அவர்கள் கணக்கு எடுபட்டால் 2026 ஜூனோடு கதவு மூடும். தொடர்ந்து நடந்த மீறல் என்று நாம் வாதிடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் இன்னும் இறுக்கம்: மோசடி தெரிய வந்த நாள், அல்லது கொஞ்சம் கவனித்திருந்தால் தெரிய வந்திருக்கக்கூடிய நாள், அதிலிருந்து மூன்று வருடம். கடை திறந்த முதல் ஆறு மாத விற்பனையைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டுமே என்று இயக்குநர் தரப்பு கேட்கும். அதற்கு இப்போதே பதில் யோசித்து வையுங்கள்.

நல்லெண்ணத்தோடு செய்த தவறால் ஒருவரை விட்டுவிட்டோம் என்று காட்டினால், முந்தைய தேதியிலிருந்தே வழக்குத் தொடங்கியதாகக் கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று அதே பிரிவு ஒரு விதிவிலக்கு தருகிறது. ஆனால் ஏழு லட்சத்தை மாஸ்டர் ஃபிரான்சைஸியின் கணக்குக்கு அனுப்பியதே நீங்கள்தான். அவர் இருப்பது தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்? வழக்கு நடக்கும்போது உரிமை கை மாறி வந்தவருக்கு இந்தப் பிரிவின் கடிகாரம் பொருந்தாது. புதுக் கம்பெனி விஷயத்தில் அந்தத் தேதியைக் கேட்டது இதற்குத்தான்.

சேர்க்கப்பட்ட நாள் என்றால் எந்த நாள் என்பதிலும் வாதம் இருக்கிறது. பிரிவு 21 தரப்பினராக்கப்பட்ட நாளைச் சொல்கிறது, கட்டளை 1, விதி 10(5) சம்மன் சேர்ந்த நாளைச் சொல்கிறது, வாதிகளோ மனுப் போட்ட நாளைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றில் கடைசியானதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே மனுப் போடுவது நல்லது. நேரம் போதாது என்று வக்கீல் நினைத்தால் இன்னொரு வழியும் உண்டு: மாஸ்டர் ஃபிரான்சைஸி மீது தனி வழக்குப் போடுவதற்காக, வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12அ-வின்படி சட்டப் பணிகள் ஆணையத்தில் சமரச மனுவைக் கொடுத்துவிடலாம். அந்தச் சமரசத்தில் செலவாகும் காலம் காலக்கெடுவில் கழிந்துவிடும். பிறகு தனி வழக்குப் போட்டு இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கேட்கலாம். 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்குக்கு இந்தச் சமரசம் கட்டாயம் என்றது. ஏற்கெனவே நடக்கும் வழக்கில் ஒருவரைச் சேர்க்கும்போது அவரோடும் சமரசம் முயன்றிருக்க வேண்டுமா என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. எதிர்த்தரப்பு நிச்சயம் இதைக் கிளப்பும். கம்பெனியோடு செய்த சமரசக் காலத்தை மற்றவர்களுக்கு எதிராகவும் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள்.

தாமதம் ஆகுமா என்றால், ஆகும். வழக்குரையைத் திருத்த வேண்டும், புதியவர்களுக்குச் சம்மன் போக வேண்டும். எதிருரைக்கு அவர்களுக்கு 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 120 நாள் வரை. 120-க்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனி வக்கீல், தனித் தனிக் குறுக்கு விசாரணை. ஐந்து பேரைச் சேர்த்தால் உங்கள் சாட்சியம் ஐந்து முறை கிழிக்கப்படும். மனு தள்ளுபடியானால் வணிக நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு மீது சீராய்வு கிடையாது, இந்த வகை உத்தரவுக்கு மேல்முறையீடும் இல்லை. அரசியல் சாசனப் பிரிவு 227-ன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அந்த வாசல் குறுகல்.

அப்படியானால் கம்பெனி மீது மட்டும் தீர்ப்பு வாங்கிவிட்டு, நிறைவேற்றும் கட்டத்தில் இயக்குநர்களைப் பிடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணையில் எழுதியதைத் தாண்டிப் போகாது. கம்பெனி மீது உள்ள ஆணையை வைத்து இயக்குநரின் வீட்டை ஜப்தி செய்வது நடக்கிற காரியமல்ல. சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தரச் சொல்லலாம், அவ்வளவுதான். கம்பெனி சொத்துக்களை இப்போதே நகர்த்துகிறது என்று ஆதாரம் இருந்தால் கட்டளை 38, விதி 5-ன் கீழ் தீர்ப்புக்கு முன் ஜப்தி கேட்கலாம், ஆனால் வெறும் பயத்தை வைத்து அது கிடைக்காது. இன்னொரு ஆபத்து: கம்பெனியை ஏதாவது வங்கி திவால் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போய் அந்த மனு ஏற்கப்பட்டால், திவால் சட்டத்தின் பிரிவு 14 தடை வந்து கம்பெனி மீதான உங்கள் வழக்கு அப்படியே நின்றுவிடும். அந்தத் தடை கம்பெனிக்குத்தான், மற்ற பிரதிவாதிகளுக்கு இல்லை. மாஸ்டர் ஃபிரான்சைஸியை இப்போதே சேர்க்கச் சொல்வதற்கு என் கணக்கில் இது பெரிய காரணம்.

போலீஸில் புகார் கொடுத்தால் இயக்குநர் தானே பேச வருவார் என்று யாரோ சொன்னதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால், பணத் தகராறுக்குக் குற்ற வழக்கு வேஷம் போடாதே என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. புகாரில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளை சிவில் வழக்கின் குறுக்கு விசாரணையில் உங்களிடமே திரும்பி வரும். ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கம்பெனி எப்போதாவது காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் நிலைமை வேறு. அதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (காசோலை வழக்குகளுக்கான சட்டம்) பிரிவு 138 இருக்கிறது. கம்பெனியின் அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்த இயக்குநர்களைப் பிரிவு 141 நேரடியாகவே உள்ளே கொண்டுவரும். அதில் நாட்கணக்கு மிகக் குறுகியது, காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அப்படி ஏதாவது காசோலை வாங்கினீர்களா, எந்தத் தேதியில் திரும்பியது என்பதை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.